அம்மாவின் கல்ச்சர் ரிப்போர்ட்: 16 மருந்துகளில் 11-க்கு "ஆர்"

மொரப்பூர்_சந்திப்பு | ஞாயிறு, இரவு 9.10

அம்மாவுக்கு வயது 63. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை. மொரப்பூரிலிருந்து உள்ளே ஏழு கிலோமீட்டரில் எங்கள் ஊர். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன், மாதம் இரண்டு முறை வந்து போவேன்.

சித்திரை பிறந்தால் அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வந்துவிடும். முன்பெல்லாம் வெந்தயம் ஊறிய தண்ணீர், நீர்மோர், உச்சியில் விளக்கெண்ணெய் என்று சமாளிப்பார். இரண்டு மூன்று ஆண்டுகளாக அந்தப் பொறுமை போய்விட்டது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கும் மருந்துக்கடையில் "நீர்க்கடுப்புக்கு ஒரு செட் கொடுப்பா" என்றால் ஆயிற்று. நான்கைந்து மாத்திரைகளைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். இரண்டு வேளையில் எரிச்சல் அடங்கிவிடும். மீதி பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். அடுத்த முறை டப்பாவில் இருப்பதுதான் முதல் வைத்தியம். அது கேட்காவிட்டால்தான் கடை.

இந்த முறை டப்பாவும் கேட்கவில்லை, கடையும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடும் குளிர்க்காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, வாந்தி. நான் ரயிலேறி வந்து சேர்வதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோ வைத்து டவுனில் சேர்த்துவிட்டார்கள். சிறுநீரில் கல்ச்சர் (கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்தார்கள். முடிவு வர இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டது.

அந்தத் தாளில் 16 மருந்துகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து. 11 இடங்களில் "ஆர்". டாக்டர் பேனாவால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார்: "இது கேட்காது, இது கேட்காது, இதுவும் கேட்காது." என் ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டை அப்பா பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. ஈ.கோலை கிருமி, ஈ.எஸ்.பி.எல். வகை என்று கீழே எழுதியிருந்தது. எர்டாபெனம் என்ற ஊசியைத் தினம் ஒரு வேளை, பத்து நாள் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். அதே தாளில் நைட்ரோஃபுரன்டாயின் என்ற மாத்திரைக்கு "எஸ்" என்று இருக்கிறது. கேட்கும் மாத்திரை ஒன்று இருக்கும்போது எதற்கு நரம்பில் ஊசி? அடுத்தது, அம்மா ஊரை விட்டு வெளியே போகாதவர். இதற்கு முன் எந்த மருத்துவமனையிலும் படுத்ததில்லை. இப்படிப்பட்ட கிருமி அவருக்கு எங்கிருந்து வந்தது?

நெறியாளர் | ஞாயிறு, இரவு 9.32

கடைகள், மருத்துவமனைகளின் பெயர்களை இங்கே போட வேண்டாம். யாரும் யாருக்கும் மருந்து எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். மற்றபடி பேசுங்கள்.

கவுண்டருக்குப்_பின்னால் | ஞாயிறு, இரவு 10.05

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 17 ஆண்டுகளாக மருந்தாளுநர். திட்டு வாங்கத் தயாராகவே எழுதுகிறேன்.

"செட்" என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: காய்ச்சல் மாத்திரை ஒன்று, சளிக்கு ஒன்று, வயிறு எரியாமல் இருக்க ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று. பல இடங்களில் சின்னதாக வெள்ளை மாத்திரை ஒன்றும் சேரும். அது ஸ்டீராய்டு. மறுநாள் காலையில் "புது ஆள் ஆகிவிட்டேன்" என்று வந்து சொல்கிறார்களே, அந்தப் பெருமை பெரும்பாலும் அந்த வெள்ளை மாத்திரையைச் சேரும். கிருமி அப்படியே இருக்கும்.

கத்தரித்துக் கொடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆன்டிபயாடிக் அட்டையின் முதுகில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு ஓடும். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்பதற்கான அடையாளம் அது; 2016-இல் மத்திய அரசு அதை விளம்பரப்படுத்தியது. இரண்டு மாத்திரைகளை வெட்டி உறையில் போட்டால் கோடும் போயிற்று, பெயரும் போயிற்று, காலாவதித் தேதியும் போயிற்று.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் 1 முதல் எச்-1 என்ற பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. தொடங்கியபோது 46 மருந்துகள், அவற்றில் 24 ஆன்டிபயாடிக். அவற்றை விற்றால் எழுதிய மருத்துவர், வாங்கிய நோயாளி, மருந்தின் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். மூன்று ஆண்டுகள் அதைப் பாதுகாக்க வேண்டும். நீர்க்கடுப்பு என்றதும் பல கடைகளில் கை போகும் செஃபிக்சிம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

என் கடையில் சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்த முதல் மாதம் வியாபாரம் எப்படிப் படுத்தது என்று எனக்குத்தான் தெரியும். ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "நீ கொடுக்காவிட்டால் எதிர்க்கடைக்காரன் கொடுக்கப் போகிறான். நீ யாருக்காக நேர்மையாக இருக்கிறாய்?" எதிர்க்கடைக்காரர் கொடுக்கவும் செய்தார்.

தளி_ரோட்டோரம் | ஞாயிறு, இரவு 10.11

ஆக, எங்கள் வீட்டில் எல்லாரும் இத்தனை நாளாகப் புகழ்ந்துகொண்டிருந்தது ஸ்டீராய்டையா!

அதியமான்கோட்டை | ஞாயிறு, இரவு 10.40

மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் வேறு வாடை அடிக்கிறது. பழைய மருந்து கேட்காது, புதிய மருந்து வாங்கு என்று மிரட்டினால் யாருக்கு லாபம்? என் தாத்தா ஒரு மாத்திரைகூட விழுங்காமல் 88 வயது வரை களி தின்று கொல்லையில் வேலை செய்தார். உடம்பு ஒரு மருந்துக்குப் பழகிவிட்டால் அதைக் கொஞ்ச நாள் நிறுத்தினால் போதும், மறுபடி கேட்கும்.

இன்னொன்று. கிருமியில் இருக்கும் ஏதோ ஒரு மரபணுவுக்குப் "புதுடெல்லி" என்று பெயர் வைத்து உலகம் முழுக்க நம் மானத்தை வாங்கினார்களே, அது யார் செய்த சதி?

பெட்ரி_தட்டு | திங்கள், காலை 7.15

ஓசூரில் ஓர் ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பிரிவில் இருக்கிறேன். தினமும் அந்த "ஆர்", "எஸ்" எழுத்துகளைத் தட்டச்சு செய்பவர்களில் நானும் ஒருத்தி.

அதியமான்கோட்டை ஐயா, பழகுவது உடம்பு அன்று. உங்கள் உடம்புக்கும் எதிர்ப்புக்கும் சம்பந்தமே இல்லை. மாறுவது கிருமி. ஈ.கோலைக்கு வசதியான சூடும் தீனியும் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். ஒன்றில் தொடங்கினால் ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும். அத்தனை பிரதிகளில் சிலவற்றில் எழுத்துப்பிழை விழாமல் இருக்குமா? அந்தப் பிழைகளில் ஏதாவது ஒன்று மருந்துக்கு அசையாததாக இருந்தால், மருந்து மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம் ஒழித்துக் கொடுக்கும். கொல்லையில் களைக்கொல்லி அடித்தபின் கோரை மட்டும் தனியாகச் செழிப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இதைவிட மோசம், கிருமிகள் ஒன்றுக்கொன்று கைமாற்று கொடுத்துக்கொள்ளும். எதிர்ப்புக்கான மரபணு ஒரு சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கும். ஒரு கிருமி அதை இன்னொன்றுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். இரண்டும் ஒரே இனமாகக்கூட இருக்க வேண்டியதில்லை. மொரப்பூர் அண்ணா, உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. ஈ.எஸ்.பி.எல். கிருமி ஆரோக்கியமானவர்களின் குடலிலேயே சாதுவாகக் குடியிருக்கும். உங்கள் குடலிலும் இருக்கலாம், என் குடலிலும் இருக்கலாம். அம்மா ஒவ்வொரு முறை "செட்" விழுங்கும்போதும் சிறுநீர்ப் பையில் இருந்ததோடு சேர்த்துக் குடலில் இருந்த நல்ல கிருமிகளும் செத்தன. மிஞ்சியது மடியில் கத்தரிக்கோல் வைத்திருக்கும் இனம். செஃபிக்சிம், செஃப்ட்ரையாக்சோன் போன்ற மருந்துகளை வெட்டிப் போடும் நொதிதான் அந்தக் கத்தரிக்கோல்; ஈ.எஸ்.பி.எல். என்பது அதன் பெயர்ச்சுருக்கம். குடலிலிருந்து சிறுநீர்ப் பாதைக்கு வழி ரொம்பத் தூரமில்லை, பெண்களுக்கு இன்னும் கிட்டம்.

முதல் சந்தேகம்: "எஸ்" என்றால் தட்டில் அந்த மருந்து கிருமியைத் தடுத்தது என்று பொருள். கிருமியைத் தட்டில் பரப்பி, பொட்டு அளவு காகிதத் துண்டுகளில் ஒவ்வொரு மருந்தையும் ஏற்றி மேலே வைத்து, ஓர் இரவு விடுவோம். பொட்டைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழுந்தால் அதன் விட்டத்தை அளப்போம். ஆனால் நைட்ரோஃபுரன்டாயின் சிறுநீரில்தான் சேரும். இரத்தத்திலும் சிறுநீரகத் திசுவிலும் போதுமான அளவு நிற்காது. பைக்குள் இருக்கும் கடுப்புக்கு அது நல்ல மருந்து. குளிர்க்காய்ச்சலும் முதுகுவலியும் வந்துவிட்டால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம், அங்கே அது உதவாது. தாளைப் பார்த்து நீங்களே மருந்து தேர்ந்தெடுக்கக் கூடாது என்று நாங்கள் தலைப்பாடாக அடித்துக்கொள்வது இதனால்தான்.

புதுடெல்லி விவகாரம்: 2008-இல் சுவீடனில் இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரிடம் கண்டுபிடித்த மருந்து எதிர்ப்பு மரபணுவுக்கு என்.டி.எம்-1 என்று பெயர் வைத்தார்கள்; அதில் "என்.டி." என்றால் நியூ டெல்லி. 2010-இல் லான்செட் என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழின் குழும வெளியீட்டில் வந்து பரபரப்பைக் கிளப்பிய கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, நம் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர். பெயர் வைத்தது தவறு என்று லான்செட் ஆசிரியரே 2011-இல் வருத்தம் தெரிவித்தார். பெயருக்குக் கோபப்படுவது நியாயம்தான். கிருமி நம் தண்ணீரில் இருந்ததும் நிஜம்தான். நாம் முதலாவதைப் பற்றி மட்டும் நிறையப் பேசினோம். 2012-இல் சென்னையில் மருத்துவ சங்கங்கள் கூடி, மருந்து எதிர்ப்பைச் சமாளிப்பது பற்றிச் "சென்னைப் பிரகடனம்" என்று ஒன்றை வெளியிட்டது எத்தனை பேருக்குத் தெரியும்?

லாபம் பற்றியும் கேட்டீர்கள். பெரிய மருந்து நிறுவனங்கள் பல, புதிய ஆன்டிபயாடிக் ஆராய்ச்சியையே மூடிவிட்டன. ஐந்து நாளில் முடியும் மருந்தில் என்ன வரும்? வாழ்நாள் முழுக்க விழுங்கும் சர்க்கரை மாத்திரையில்தான் காசு. கம்பெனிகள் மிரட்டுகின்றன என்பதைவிட, கைகழுவிவிட்டன என்பதே எனக்குக் கவலை.

ராயக்கோட்டை_தக்காளி | திங்கள், மதியம் 1.20

சாப்பிட்டுக்கொண்டே படித்தேன். தங்கச்சி சொன்ன கோரைக் கதை விவசாயிக்குப் புதிது இல்லை. காய்ப்புழுவுக்கு ஒரு மருந்து வந்த புதிதில் டேங்குக்கு ஒரு மூடி ஊற்றினோம், புழு சுருண்டு விழுந்தது. நான்காம் வருடம் மூன்று மூடி ஊற்றினால் புழு குளித்துவிட்டுப் போகிறது. மருந்துக்கடைக்காரர் வேறு புட்டியை நீட்டுவார். (எங்களுக்கு மருந்துக்கடை என்றால் பூச்சிமருந்துக் கடை.)

நான் சொல்ல வந்தது வேறு. தக்காளியில் வாடலும் இலைப்புள்ளியும் கண்டால் சின்னப் பாக்கெட் ஒன்றைக் காப்பர் மருந்தோடு கலந்து அடிப்போம். ஸ்ட்ரெப்டோசைக்ளின். பத்துப் பன்னிரண்டு வருடமாக அடித்திருக்கிறேன். அதில் இருப்பது என்ன என்று நான் யோசித்ததே இல்லை. போன வருடம் என் மைத்துனனுக்குக் காசநோய் வந்து, மருத்துவமனையில் காத்திருந்தபோது சுவரில் ஒரு பழைய அட்டவணை. அதில் "ஸ்ட்ரெப்டோமைசின்" என்று எழுதியிருந்தது. பெயர் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று வீட்டுக்கு வந்து பாக்கெட்டைத் திருப்பினால், அதேதான். கூடவே டெட்ராசைக்ளின்.

பெட்ரி_தட்டு, அது இதுதானா? மனிதனுக்குப் போடும் ஊசி மருந்தையா நான் விசைத்தெளிப்பானில் ஊற்றிக் காற்றில் அடித்துக்கொண்டிருக்கிறேன்? அடிக்கும்போது பாதி என் மூஞ்சியில் படும், மீதி மண்ணில் இறங்கும்.

பெட்ரி_தட்டு | திங்கள், மதியம் 1.58

அதேதான் அண்ணா. 1943-இல் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து பிரித்தெடுத்தது. காசநோயை அடக்கிய முதல் ஆன்டிபயாடிக். மண்ணிலிருந்து வந்ததை மண்ணிலேயே கொட்டுகிறோம், அளவுதான் தாறுமாறு. பயிருக்கு இதை அடிப்பதைத் தடை செய்ய 2021 டிசம்பரில் மத்திய அரசு வரைவு அறிவிக்கை வெளியிட்டது.

ராயக்கோட்டை_தக்காளி | திங்கள், மதியம் 2.10

அறிவிக்கை வந்த சேதி எங்கள் பக்கத்துக் கொல்லைவரை வரவில்லை. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், விலை விழுந்தால் இதே தக்காளியைப் பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று சாலையோரம் கொட்டுகிறோம். காசநோய் மருந்து அடித்து வளர்த்துக் கொட்டுகிறோம்!

காவேரிப்பட்டணம்_மாடுகள் | திங்கள், மாலை 6.45

பால் கறந்து ஊற்றிவிட்டு வந்தேன். என் பங்குக்கு ஒன்று.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் கலப்பினப் பசுவுக்கு மடிநோய். ஒரு காம்பு கல்லாகிவிட்டது. காம்புக்குள் ஏற்றும் ட்யூப் மருந்து வாங்கி வந்து, யாரையும் கேட்காமல் நாங்களே ஏற்றினோம். வீக்கம் வடிந்ததும் அன்று மாலைப் பாலையே சங்கத்துக்கு ஊற்றியாயிற்று. வீட்டுக்கு ஒரு சொம்பு வைத்துக்கொண்டேன். இரவு உறை ஊற்றினேன். காலையில் பார்த்தால் பால் பாலாகவே இருக்கிறது. உறைமோர் சரியில்லை என்று மாமியார் என்னைத்தான் சொன்னார்கள். மறுநாளும் அப்படியே. கால்நடை மருத்துவரிடம் தற்செயலாகப் பேசியபோது சிரித்துவிட்டார்: "ஏம்மா, மடியில் ஏற்றிய மருந்து பாலில் வருகிறது. தயிராக்குவதும் ஒரு கிருமிதானே? அதைக் கொன்றுவிட்டுத் தயிர் எங்கே என்றால்?" ஒவ்வொரு ட்யூப் பெட்டியிலும் எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்று அச்சடித்திருக்கிறது. நாங்கள் படித்ததில்லை. அந்தப் பால் எத்தனை குழந்தைகளின் வயிற்றுக்குள் போயிற்றோ!

இப்போது மடி லேசாகச் சூடாக இருக்கும்போதே, பாலில் திரி திரியாக வருவதற்குள், சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, தண்ணீரில் கரைத்து, காம்பைப் பீய்ச்சிவிட்டு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பூசுகிறேன். ஐந்து நாள். தேசிய பால்வள வாரியமே சொல்லிக்கொடுக்கும் முறை இது. நம் கால்நடைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பியது. முற்றிப்போனால் இதை நம்பி உட்காராமல் மருத்துவரைக் கூப்பிட்டுவிடுவேன்.

கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை?

பண்ணைமேடு | திங்கள், இரவு 8.02

திறக்கிறேன் அக்கா. நாங்கள் ஒப்பந்தப் பண்ணை. குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுப்பது, மருந்தும் அவர்கள் ஆள் கொண்டுவந்து தண்ணீரில் கலக்கச் சொல்வதுதான். கோலிஸ்டின் என்ற மருந்தை 2019 ஜூலையில் கால்நடைகளுக்குத் தடை செய்த பிறகு அது எங்கள் பக்கம் வருவதில்லை. வேறு என்ன வருகிறது என்றால், பாக்கெட்டில் இருப்பதைப் படிக்க எனக்கு இப்போதுதான் ஆசை வந்திருக்கிறது.

ஆரம்ப_சுகாதாரம் | திங்கள், இரவு 10.30

பென்னாகரம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். கோலிஸ்டின் என்ற பெயர் வந்ததால் ஒரு வார்த்தை: எர்டாபெனம் வகை ஊசிகளும் கேட்காதபோது நாங்கள் கடைசியாகத் தொடும் மருந்து அது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒதுக்கிவைத்திருந்த பழைய மருந்து. வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்தோம். அதைத்தான் கோழி சீக்கிரம் எடை போட வேண்டும் என்று தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள்.

கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் நேர்மையாக எழுதினார். கவுண்டருக்கு முன்னால் நிற்பவரைப் பற்றியும், சீட்டு எழுதும் எங்களைப் பற்றியும் நான் எழுதுகிறேன்.

காய்ச்சலோடு வருபவர்களில் பெரும்பாலோருக்கு வைரஸ். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. அவரிடம் "பாராசிட்டமால் போடுங்கள், தண்ணீர் குடியுங்கள், மூன்றாம் நாளும் விடாவிட்டால் வாருங்கள்" என்கிறேன். அவர் ஓசூரில் தினக்கூலி. இன்று அரைநாள் போயிற்று. மூன்றாம் நாள் வந்தால் இன்னொரு நாள் போகும், பஸ் செலவு வேறு. மேஸ்திரி அந்த இடத்தில் வேறு ஆளை நிறுத்திவிடுவார். எனவே வெளியே போனதும் நேராக மருந்துக்கடைக்குப் போய் ஒரு செட். அவரை அறியாதவர் என்று திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஊசி போடாமல் அனுப்பியதற்காக "இந்த டாக்டரம்மாவுக்கு ஒன்றும் தெரியாது" என்று என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. அலுத்துப்போய்ச் சில மாலைகளில் நானும் எழுதியிருக்கிறேன். எழுதக் கூடாது என்று தெரிந்தே.

இதில் டைபாய்டு ஒரு தனிக்கதை. எந்தக் காய்ச்சலுக்கும் விடால் என்ற இரத்தப் பரிசோதனை எடுத்து, கோடு கொஞ்சம் ஏறியிருந்தால் "டைபாய்டு, ஏழு நாள் ஊசி" என்று விடுகிறார்கள். எப்போதோ வந்த நோயின் தடயத்தைக்கூட அந்தப் பரிசோதனை காட்டும். ஒரே ஒரு விடாலை வைத்து முடிவு செய்வது குறி கேட்பதற்குச் சமம். இரத்தக் கல்ச்சர்தான் வழி. அதையும் முதல் ஊசிக்கு முன்னால் எடுத்தால்தான் பயன்.

அதியமான்கோட்டை ஐயா சொன்னதில் ஓர் ஓரம் சரி. நிறுத்தி வைத்தால் சில மருந்துகள் மறுபடி கேட்கின்றன. டைபாய்டுக்கு எங்கள் ஆசிரியர்கள் காலத்தில் கைவிட்ட குளோராம்ஃபெனிகாலும் கோட்ரைமாக்சசோலும் இந்தியாவில் இப்போது மறுபடி வேலை செய்கின்றன. சிப்ரோஃபிளாக்சசின்தான் பெரும்பாலும் படுத்துவிட்டது. ஆனால் அதற்கு ஊரே சேர்ந்து பல ஆண்டுகள் நிறுத்த வேண்டும். ஒருவர் நான்கு வாரம் நிறுத்திப் பயனில்லை. 2016-இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் கிளம்பிய டைபாய்டு, செஃப்ட்ரையாக்சோனுக்கும் அடங்கவில்லை. அது இங்கே வந்தால் அந்த ஏழு நாள் ஊசியும் தண்ணீர்தான்.

அதியமான்கோட்டை | செவ்வாய், காலை 6.50

சரி, ஒத்துக்கொள்கிறேன், பழகுவது கிருமிதான். ஆனால் ஒரு கேள்வி. "பாதியில் நிறுத்தாதே, முழுக் கோர்ஸ் முடி" என்று நாற்பது வருடமாகச் சொல்கிறீர்கள். 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சில மருத்துவர்களே அதற்குச் சான்றில்லை என்று எழுதியதாக என் மகள் காட்டினாள். அதிக நாள் விழுங்கினால்தானே அதிகக் கிருமி கெட்டுப்போகும்? உங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லையே.

ஆரம்ப_சுகாதாரம் | செவ்வாய், மதியம் 2.15

உங்கள் மகளுக்கு என் வாழ்த்து. அந்தக் கட்டுரை நிஜம். பல தொற்றுகளுக்கு முன்பு பத்து நாள் கொடுத்ததை இப்போது ஐந்து நாளாகக் குறைத்திருக்கிறோம். ஆனால் எத்தனை நாள் என்பதை நோய்தான் முடிவு செய்யும். டப்பாவில் இடம் இருக்கிறதா என்பது முடிவு செய்யக் கூடாது. இரண்டு வேளையோடு நிறுத்தி, மீதியை ஆறு மாதம் கழித்து வேறு எதற்கோ இரண்டு வேளை போடுவதை அந்தக் கட்டுரை ஆதரிக்கவில்லை. காசநோய்க்கு அந்த வாதமே பொருந்தாது. அதைப் பற்றிச் சொல்ல இங்கே ஆள் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

எக்ஸ்ரே_வண்டி | செவ்வாய், மாலை 5.30

இருக்கிறேன் டாக்டர். காசநோய்க் களப்பணியில் ஒன்பது வருடம். அரூர் பக்கம் ஒரு கொத்தனார், 34 வயது. ஆறு மாத மருந்து. இரண்டாம் மாதமே இருமல் நின்றது, எடை கூடியது. "உடம்பு தேறிவிட்டது, கேரளாவில் வேலை வந்திருக்கிறது" என்று போய்விட்டார். தொலைபேசியை எடுக்கவில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்தார். சளியைப் பரிசோதித்தால், காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்கவில்லை. அந்த வகைக்கு முன்பெல்லாம் 18 மாதம், 20 மாதம் சிகிச்சை. தினமும் ஊசி, காது மந்தமாகும். இப்போது பெடாகுவிலின் சேர்ந்த புதிய கூட்டு மருந்துகள் வந்து ஆறு மாதமாகக் குறைந்திருக்கிறது. அவர் பிழைத்துக்கொண்டார். அவர் வீட்டில் ஒரே அறை. அவருடைய ஏழு வயது மகனுக்கு வந்தது முதல் நாளிலிருந்தே மருந்து கேட்காத காசநோய். அந்தப் பையன் அதுவரை ஒரு மாத்திரையைக்கூடப் பாதியில் நிறுத்தியவன் இல்லை.

பெட்ரி_தட்டு | செவ்வாய், மாலை 6.12

இதைப் படித்ததும் ஃபிளெமிங் நினைவுக்கு வருகிறார். பென்சிலினைக் கண்டுபிடித்தவர், 1945 டிசம்பரில் நோபல் உரையின் முடிவில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவருக்குத் தொண்டை வலி. தானே பென்சிலின் வாங்கிக் குறைவாகப் போட்டுக்கொள்கிறார். கிருமி சாகாமல் பாடம் படித்துக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்றி நிமோனியா ஆகிறது. பென்சிலின் கேட்கவில்லை, மனைவி இறந்துபோகிறார். யார் குற்றவாளி என்று கேட்டார் ஃபிளெமிங். ஒரு வேடிக்கை: அவர் உதாரணம் காட்டிய தொண்டைவலிக் கிருமிகளில் முக்கியமான ஒன்று இன்றுவரை பென்சிலினுக்கு அடங்கித்தான் இருக்கிறது. மற்றவைதான் அவர் சொன்னபடி நடந்துகொண்டன. 2019-இல் மட்டும் மருந்து கேட்காத கிருமிகளால் நேரடியாக இறந்தவர்கள் உலகில் 12.7 லட்சம் பேர் என்று லான்செட் கணக்கிட்டது.

மொரப்பூர்_சந்திப்பு | வெள்ளி, இரவு 8.40

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். மீதி ஊசிகளை நம் சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொண்டிருக்கிறோம். காய்ச்சல் இல்லை, கேழ்வரகுக் களி கேட்டுச் சாப்பிட்டார். எனக்குப் பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

இன்று பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன். உதிரியாக 43 மாத்திரைகள். எது எது என்று ஒன்பதுக்குத்தான் பெயர் சொல்ல முடிந்தது. மாட்டுக்கு வாங்கியது ஒன்றும் அதற்குள் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டும்போது அம்மா தடுத்தார். "எல்லாவற்றையும் எறிந்துவிடாதே, நல்ல மாத்திரையும் இருக்கிறது. போன வாரம் நான் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் நீர்க்கடுப்பு என்று கேட்டாள், டப்பாவில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்."

என்ன மாத்திரை என்றேன். "சிவப்பும் மஞ்சளுமாக இருக்குமே, அது."

ஓடிப்போய்க் கேட்டேன். அவர் நான்கு எடுத்திருக்கிறார். இரண்டு போட்டதும் சரியாகிவிட்டதாம். மீதி இரண்டு அவர் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. இன்று காலையிலிருந்து மறுபடி எரிச்சல் தொடங்கியிருக்கிறது. அம்மாவை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தவர் அவர்தான்.

நாளை அவரைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகிறேன். எத்தனை மணிக்குப் போனால் கல்ச்சருக்குச் சிறுநீர் எடுத்துக்கொள்வார்கள்?

ஆரம்ப_சுகாதாரம் | வெள்ளி, இரவு 9.05

எட்டரைக்கெல்லாம் போய்விடுங்கள். அந்த இரண்டையும் இன்று இரவு விழுங்கிவிட வேண்டாம் என்று இப்போதே போய்ச் சொல்லுங்கள். ஏற்கெனவே இரண்டு போட்டதை அங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். மீதியைக் கையோடு எடுத்துப் போங்கள், என்ன மருந்து என்று பார்ப்பார்கள். இரவில் குளிர் நடுக்கமோ வாந்தியோ வந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம்.

பெட்ரி_தட்டு | வெள்ளி, இரவு 9.11

முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்லுங்கள். அவர்கள் கொடுக்கும் மூடி போட்ட டப்பியில்தான். வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டில் வேண்டாம்.